ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது?

கப்பலில் தீப்பிடித்தால் என்ன கவலை, சுற்றி அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, அள்ளி ஊற்ற வேண்டியதுதானே என்று ஊரில் என்னிடம் கேட்காத ஆள் குறைவு. கடற்படையில் சேரும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதினைந்து வருடம் இன்ஜின் ரூமிலேயே வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கப்பலில் தீயைப் பற்றிப் பேசுவதென்றால் தண்ணீரில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தீ அணைந்த பிறகு, அதை அணைத்த தண்ணீராலேயே கவிழ்ந்த கப்பல்கள் உண்டு. எங்கள் கப்பலும் ஒரு ராத்திரி அந்த வழியில் கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பியது, அந்தத் தண்ணீரை ஊற்றிய இரண்டு பேரில் நான் ஒருவன்.

1996-ல் ஒடிசாவில் சில்கா பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அப்புறம் மகாராஷ்டிராவில் லோனாவாலா. மலை மேல் இருக்கிற ஊர், கடலே கண்ணில் படாது, ஆனால் கப்பலில் தீ அணைக்கவும் ஓட்டை அடைக்கவும் அங்கே ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கிருந்து என் முதல் கப்பல். கப்பலின் பெயர் வேண்டாம்.

கொச்சியிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழைக்காலம் தொடங்கப் போகிற நேரம், பக்கவாட்டில் நீளமான அலை. அதிகாலை இரண்டே முக்கால் இருக்கும், "ஃபயர், ஃபயர், ஃபயர்" என்று ஒலிபெருக்கி அலறியது. ஜெனரேட்டர் அறையில் எரிபொருள் குழாய் ஒன்று விரிசல் விட்டு, டீசல் பொடிச் சாரலாகப் பக்கத்திலிருந்த புகைக்குழாய் மேல் அடித்திருக்கிறது. புகைக்குழாயைச் சுற்றி வெப்பத் தடுப்பு உறை இருக்கும், லேக்கிங் என்போம். ஒரு வாரம் முன்னால் ஏதோ வேலைக்காகக் கழற்றியவர்கள் அதை முழுசாகத் திரும்பக் கட்டவில்லை. உள்ளங்கை அளவுக்கு இரும்பு வெளியே தெரிந்துகொண்டு இருந்திருக்கிறது. அது போதும். இன்ஜின் ரூம் தீ என்றால் பெரும்பாலும் இந்தக் கதைதான், சூடான இரும்பில் எண்ணெய் படுவது.

வாட்ச்சில், அதாவது அந்த நேரத்துப் பணிமுறையில், இருந்தவர் சரியாகத்தான் செய்தார். கையில் இருந்த அணைப்பானை அடித்துப் பார்த்தார், அடங்கவில்லை என்று தெரிந்ததும் வீரம் காட்டிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்து கதவை இறுக்கினார். வெளியிலிருந்தே எரிபொருள் வால்வை மூடினார்கள், காற்றாடிகளை நிறுத்தினார்கள், ஆள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, தீயை அமுக்குகிற வாயுவை அறைக்குள் திறந்துவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கொடுத்த வேலை, அந்த அறைக்கு நேர் மேலே இருந்த இடத்தில் தரையைக் குளிர வைப்பது.

இது வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கப்பல் முழுக்க இரும்பு. ஓர் அறைக்குள் தீ என்றால் நான்கு சுவர், மேல், கீழ் என்று ஆறு பக்கமும் சூடு கடத்தும். கதவை மூடிவிட்டால் தீ நின்றுவிடாது, சுவர் பழுத்து அடுத்த அறையில் இருக்கிற பெயிண்ட், கேபிள், மெத்தை எல்லாம் தானாகப் பற்றும். அதனால் ஆறு பக்கமும் ஆள் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் மேல் பக்கம்தான் மோசம், சூடு மேலேதான் ஏறும்.

நான் போனபோது தரையில் பெயிண்ட் தோசை மாவு போலக் குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிக்கொண்டிருந்தது. பூட்ஸ் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பட்டதும் சுர்ரென்று ஆவி எழுந்து எதிரில் நிற்கிறவன் முகம் மறைந்துவிட்டது. எனக்கு வயது இருபது. பயத்தில் ஹோஸ் முனையில் இருக்கிற நாஸிலை முழுசாகத் திறந்து பீய்ச்சி அடித்தேன், பக்கத்தில் இன்னொரு பையனும் அப்படியே. லோனாவாலாவில் சொன்னது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் பீய்ச்சினால் நல்லது, இன்னும் பீய்ச்சினால் இன்னும் நல்லது, அவ்வளவுதான் மண்டையில் ஓடியது.

இருபது நிமிடம் போயிருக்கும். எங்கள் சீஃப், எங்களுக்கு மேலே இருந்த மூத்த மாலுமி, வந்தார். ஹரியானாக்காரர், அதிகம் பேசாதவர். கையில் டார்ச். நாங்கள் எல்லாரும் ஆவியையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் டார்ச்சை எங்கள் காலடியில் அடித்தார். கணுக்கால் வரை தண்ணீர், வெதுவெதுப்பாக. அதுவரைக்கும் நான் குனிந்தே பார்க்கவில்லை. அவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். கப்பல் இடது பக்கம் சாய்ந்தது, திரும்பியது, வலது பக்கம் சாய்ந்தது, அங்கேயே ஒரு நொடி யோசிப்பது போல நின்றது, அப்புறம்தான் திரும்பியது. தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் கேட்டார்:

"பானி கிதர் ஜா ரஹா ஹை?"

தண்ணீர் எங்கே போகிறது என்கிறார். எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. அவர் என் நாஸிலைத் திருகிச் சாரலாக மாற்றினார், விட்டு விட்டு அடி, ஆவியாகிற அளவுக்கு மட்டும் அடி என்றார். பிறகு மூலையில் குந்தி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, வடிகால் வாயிலிருந்து ஒரு துண்டு, இரண்டு காலுறை, ஒரு பிளாஸ்டிக் கவர் என்று ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். எல்லாம் எங்கள் மெஸ்ஸில், அதாவது நாங்கள் தங்குகிற அறையில், தரையில் கிடந்தவை. அப்புறம் பம்ப் கொண்டுவந்து இறக்கினோம், அதன் சல்லடையும் இரண்டு தடவை அடைத்தது, இரண்டு தடவையும் லேக்கிங் துணி நார். கடைசித் தண்ணீர் வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இந்த அபாயம் என்னவென்று தெரிய எந்தப் புத்தகமும் வேண்டாம். ஒரு செம்பு நிறைய தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், ஒன்றும் ஆகாது. அதே தண்ணீரை ஆரத்தித் தாம்பாளத்தில் ஊற்றிக் கொண்டு நடங்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் எல்லாத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி, தட்டை இன்னும் அந்தப் பக்கமே இழுக்கும். கப்பலுக்குள் அகலமான தரையில் தேங்குகிற தண்ணீர் செய்வது இதைத்தான். பன்னிரண்டு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் உள்ள இடத்தில் வெறும் 10 செ.மீ. உயரத்துக்குக் கடல் நீர் நின்றால் 12 டன்னுக்கு மேல் வரும். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 300, 400 லிட்டர் தள்ளும், நாங்கள் இரண்டு பேர் இருபது நிமிடம் அடித்தோம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கீழே பில்ஜில், கப்பலின் அடிவயிற்றில், இருந்தால் பரவாயில்லை, மேல் தளத்தில், எடை இருக்கவே கூடாத உயரத்தில்.

எடையைவிட அகலம்தான் கெடுதல். அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இப்படி அலம்புவதன் பாதிப்பு எட்டு மடங்காகும். தலைகீழாகப் பார்த்தால் நமக்கு நல்ல செய்தி, நடுவில் ஒரு தடுப்பு இருந்து அந்தத் தண்ணீர் இரண்டு பாதியாகப் பிரிந்தால் மொத்த பாதிப்பு கால் பங்காகக் குறைந்துவிடும். கப்பலில் கதவை மூடு, மூடு என்று உயிரை எடுப்பது இதற்காகத்தான். புதுசாகச் சேர்கிற பையன்களுக்கு அது தொந்தரவாகத் தெரியும், ஒவ்வொரு கதவிலும் எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து, எந்த நிலையில் எது மூடியிருக்க வேண்டும் என்று அட்டவணை, திறந்தால் அனுமதி வாங்கு, திரும்ப மூடியதும் சொல்லு. எனக்கும் அந்த ராத்திரி வரைக்கும் அது வெறும் சட்டதிட்டமாகத்தான் இருந்தது.

சீஃப் அங்கே நின்று கவனித்தது கப்பல் ஆடுகிற வேகத்தை. நல்ல நிலையில் இருக்கிற கப்பல் வெடுக்கென்று நிமிரும், படுக்கையில் இருக்கிறவனைத் தூக்கிப் போடும். அது எரிச்சலாக இருந்தாலும் ஆரோக்கியம். ஆட்டம் மெதுவாகி, ஓரத்தில் போய் நின்று நின்று திரும்பினால் கப்பலுக்கு நிமிர்கிற பலம் குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஆடுவது சுகமாக இருக்கும், தூக்கம்கூட வரும், அதனால்தான் யாருக்கும் உறைக்காது. இன்னொன்றும் அவர் பின்னால் சொல்லிக் கொடுத்தார். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எதிர்ப் பக்கத் தொட்டியை நிரப்பாதே. பலம் இழந்து சாய்ந்த கப்பல் என்றால் அது நேராகாது, சடாரென்று மறுபக்கம் புரண்டு இன்னும் கீழே போகும். முதலில் மேலே தேங்கியதை வடி, பிறகுதான் மற்றது.

நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பிரமாண்டமான பிரெஞ்சுப் பயணிகள் கப்பலைப் போர்வீரர்களை ஏற்றிச் செல்கிற கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரி 9 அன்று, இரும்பு வெட்டுகிற சுடரின் பொறி குவித்து வைத்திருந்த மிதவை அங்கிகளில் பட்டுத் தீப்பிடித்தது. தீயணைப்புப் படகுகள் சுற்றி நின்று ஊற்றித் தள்ளின. தீ அடங்கியது. கரையில் கட்டியிருந்த அந்தக் கப்பல் மறுநாள் அதிகாலை அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. நம் பக்கமும் உண்டு. நான் பணியிலிருந்து வெளியே வந்த வருடம், 2011 ஜனவரி 30, மும்பை துறைமுக வாயிலில் ஐ.என்.எஸ். விந்தியகிரி மேல் ஒரு சரக்குக் கப்பல் மோதியது. தீ பிடித்தது, போராடி அணைத்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மோதிய இடத்தில் உள்ளே வந்த கடல் நீரும் தீயணைக்கப் பீய்ச்சிய நீரும் சேர்ந்து, கப்பல் கட்டுதளத்திலேயே மறுநாள் மூழ்கியது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. 2024 ஜூலையில் ஐ.என்.எஸ். பிரம்மபுத்திரா, அதே மும்பையில், பழுதுபார்ப்பில் இருந்தபோது தீ. காலையில் தீ கட்டுக்குள் வந்தது, மத்தியானம் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது. ஒரு இளம் மாலுமி போய்விட்டார். அந்த விபத்துகளின் உள்விவரத்துக்குள் நான் போகவில்லை, அங்கே நின்றவர்கள் தங்களால் ஆனதைச் செய்திருப்பார்கள். தீ அணைந்த பிறகு வருகிற சில மணி நேரத்தை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கப்பலிலும் அந்த நேரம்தான் கஷ்டமாக இருந்தது. வாயு விட்டுத் தீயை அமுக்கியாகிவிட்டது, உள்ளே என்ன நிலைமை என்று பார்க்க எல்லாருக்கும் துடிப்பு. எங்கள் இன்ஜினியர் அதிகாரி விடவே இல்லை. உள்ளே இரும்பு இன்னும் பழுத்திருக்கும், கதவைத் திறந்தால் வெளிக்காற்று போகும், வாயு வெளியே வரும், தீ மறுபடி எழும்பும். சுவர் சூட்டைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தோம். கை வைக்க முடிகிறது என்றான பிறகுதான் மூச்சுக் கருவி மாட்டிய இரண்டு பேர் போனார்கள், அவர்கள் போன நேரத்தையும் சிலிண்டரில் இருந்த காற்றழுத்தத்தையும் ஒருவர் வெளியே பலகையில் எழுதிக்கொண்டு, வேறு எதையும் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புறங்கை என்றேன் இல்லையா, அதற்கும் காரணம் இருக்கிறது. புகையில் தடவிக்கொண்டு போகும்போதும் புறங்கையால்தான் தடவ வேண்டும். உள்ளங்கையில் மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் மடங்கி அந்தக் கம்பியையே இறுகப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் பருத்தித் துணிதான் இருக்க வேண்டும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் மாலுமிகளின் செயற்கை நூல் உடுப்புகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டன. வணிகக் கப்பலுக்குப் போகிற தம்பிகளுக்கும் இது பொருந்தும், டியூட்டியில் நைலான் பனியன் வேண்டாம்.

பயிற்சி எல்லாருக்கும் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஃபாரஸ்டல் கதையைச் சொல்வேன். 1967 ஜூலை 29, வியட்நாம் பக்கம் டோன்கின் வளைகுடாவில், அந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ராக்கெட் தவறுதலாகப் பாய்ந்து தீ. பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு ஓடி வந்தது, சில நிமிடத்துக்குள் குண்டு வெடித்து அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தைரியமாகத்தான் வந்தார்கள், ஆனால் ஒரு கூட்டம் நுரை போட்டுத் தீயை மூட, இன்னொரு கூட்டம் தண்ணீர் அடித்து அந்த நுரையைக் கழுவிவிட்டது. மொத்தம் 134 பேர் இறந்தார்கள். எரிகிற எண்ணெய் மேல் நுரை ஒரு போர்வை, அதைத் தண்ணீரால் கிழிக்கக் கூடாது, இது ஒரு வரி. அந்த ஒரு வரி சமையல்காரருக்கும் எழுத்தருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் இருப்பதைவிடக் கரையில் கட்டியிருக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகம். பாதிப் பேர் லீவில், வெல்டிங் நடக்கிறது, வெளியாட்கள் நடமாட்டம், ஒவ்வொரு கதவு வழியாகவும் கேபிளும் ஹோஸும் இழுத்துப் போட்டிருப்பார்கள், அவசரத்துக்கு மூட முடியாது. 2020 ஜூலையில் சான் டியாகோவில் பான்ஹோம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கக் கப்பல் நான்கு நாளுக்கு மேல் எரிந்ததில் இந்தக் கேபிள் விவகாரமும் ஒரு காரணம். நுரை அமைப்பைத் தட்டிவிடுகிற பொத்தானைக் கடைசி வரை யாருமே அழுத்தவில்லை என்றும் அவர்கள் விசாரணையில் வந்தது. என் வழக்கம் என்னவென்றால், டியூட்டி ஏற்றதும் ஒரு சுற்று, எந்தக் கதவு மூடாது, அதை மூட எந்தக் கேபிளை எங்கே கழற்ற வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். இரண்டாவது சுற்று, விளக்கு இல்லாமல் படுக்கையிலிருந்து மேல்தளம் வரை எத்தனை அடி, எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு நடப்பேன்.

ஓட்டை அடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. லோனாவாலாவில் ஓர் இரும்பு அறைக்குள் விட்டுப் பூட்டி, சுவரில் இருக்கிற கிழிசல்கள் வழியாகத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அந்த மலைத் தண்ணீர் எலும்பைக் குத்தும். முதல் தடவை நான் ஓட்டைக்கு நேராகப் போய் நெஞ்சால் அடைக்கப் பார்த்தேன், தூக்கி எறிந்துவிட்டது. பக்கவாட்டில் நின்று, மெத்தையை ஒரு பலகை வைத்துத் தள்ளி, மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும், அதுதான் முறை. மெதுமரக் கட்டைதான் நல்லது, நனைந்து ஊதி இறுகும், துணி சுற்றி அடித்தால் இன்னும் இறுகும். ஒரு பயிற்சியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். நீர்மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழே 10 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை வழியாக மணிக்குச் சுமார் 130 டன் தண்ணீர் உள்ளே வரும். கையில் இருக்கிற பம்ப் மணிக்கு 70 டன்தான் வெளியேற்றும் என்றால் தோற்றுவிட்டோம் என்றுதானே தோன்றும்? ஓட்டையில் பாதியை அடைத்தாலே வருவது 65 டன். பம்ப் ஜெயித்துவிட்டது. முழுசாக அடைக்க வேண்டும் என்று போராடி நேரத்தை விடாதே, குறைத்துவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போ என்பார். ஆனால் அந்த 70 டன் எல்லாம் சல்லடை சுத்தமாக இருந்தால்தான்.

போன ஆவணியில் தூத்துக்குடியில் அக்கா மகனின் விசைப்படகைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல படகு, புது இன்ஜின், ஜிபிஎஸ், எல்லாம் வைத்திருக்கிறான். தண்ணீர் இறைக்கிற பம்ப் போட்டுக் காட்டினான், சத்தம் நன்றாக வந்தது, வெளியே விழுகிற தண்ணீர் நூலாக இருந்தது. பலகையைத் தூக்கு, தண்ணீர் உறிஞ்சுகிற முனையில் இருக்கிற ஃபுட்வால்வைப் பார்ப்போம் என்றேன். "மாமா, அதெல்லாம் வலை இறக்கிட்டு வந்து பாத்துக்கலாம் மாமா" என்றான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கை வரை விட்டுத் துழாவினால் நைலான் வலைத் துணுக்கு, பீடிக்கட்டு உறை, மீன் செதில், ஒரு பழைய பனியன். அரை வாளி வந்தது. அவன் பேசாமல் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டான். மறுபடி பம்ப் போட்டபோது தண்ணீர் தொடை கனத்துக்கு விழுந்தது. அன்றைக்கே ஆசாரியிடம் சொல்லி நான்கு மர ஆப்பு செதுக்கி வாங்கி, கடல் நீர் உள்ளே வருகிற ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் ஒன்று, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வந்தேன். போன வாரம் போனில் கேட்டேன், நாலும் இருக்கு மாமா, சல்லடையும் பாத்துட்டேன் என்றான்.